எல்லாச் சண்டையிலும் இருந்த தாத்தா

"இங்கேயும் எங்க தாத்தா இருந்தார்," என்றார் எல்வுட்.

பஸ்ஸின் பின் இருக்கைகளில் நாலைந்து பேர் இருமினார்கள். சிரிப்பை வேறு எப்படித்தான் அடக்குவது?

நாலு நாளாக இதே கதைதான். கனடாவிலிருந்து முதல் உலகப் போரின் களங்களைப் பார்க்க வந்த முப்பது பேரும், தாத்தா ஒன்றுக்குப் போர் ஒன்று என்று கட்டுப்பாடாக இருந்தார்கள். சஸ்காச்சுவான் கோதுமை விவசாயி எல்வுட் பிரைஸின் தாத்தா மட்டும் பிரான்சில் விமியில் இருந்தார், கூர்சலெட்டில் இருந்தார், கேம்ப்ரேயிலும் இருந்தார். பஸ் பெல்ஜியத்துக்குள் நுழைந்ததும் பாஸ்சன்டேலிலும் முளைத்துவிட்டார்.

"டொராண்டோவுக்கு ஹாக்கிக் கோப்பை வாங்கிக் குடுத்ததும் உங்க தாத்தாதானா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"இல்ல. அவருக்கு ஹாக்கி ஆட வராது," என்றார் எல்வுட்.

முன் இருக்கையிலிருந்து மர்ரே பெட்டிக்ரூ திரும்பிப் பார்த்தார். ஒன்டாரியோவில் முப்பது வருடம் தலைமையாசிரியராக இருந்தவர். பையன் பொய் சொன்னால் காது சிவப்பதை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று பெருமையடிப்பார். எல்வுட்டின் காதுகளை நாலு நாளாகக் கவனித்துவருகிறார். அவை சிவக்கிற வழியாக இல்லை.

"இத்தனை சண்டையில இருந்திருக்காரே, ஒரு மெடல்கூடக் குடுக்கலையா?"

"இல்ல."

"குண்டு கிண்டு ஏதாவது பட்டுதா?"

"அதுவும் இல்ல. முதுகுதான் போச்சு. சாகுற வரைக்கும் நிமிர்ந்து நடக்கல."

"எந்தப் பட்டாளம்?"

"எல்லாப் பட்டாளத்துக்கும் பின்னாடி போனார்."

மறுபடியும் இருமல்.

மர்ரேக்கு மட்டும் இது சிரிக்கிற விஷயமில்லை. அன்று மாலை ஈப்ர நகரின் வாயிலில் போரில் இறந்தவர்களுக்காக எக்காளம் ஊதும்போது, குழுவின் சார்பில் ஒருவர் மலர்வளையம் வைக்க வேண்டும். மர்ரேயின் தாத்தா சார்ஜென்ட் க்ளாரன்ஸ் 1917இல் பாஸ்சன்டேல் சேற்றில் விழுந்தவர். அப்போது மர்ரேயின் அப்பாவுக்கு இரண்டு வயது. அவரும் தன் அப்பாவின் கல்லறையை ஒருமுறைகூடப் பார்க்காமல் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வளையத்துக்காகவே மர்ரே இந்தப் பயணத்துக்குப் பணம் கட்டியிருந்தார்.

ஆனால் யார் வைப்பது என்று கேட்டபோது இரண்டு கைகள் உயர்ந்தன. வழிகாட்டி ஜினெட் கியூபெக்காரி, விவரமானவள். "நீங்களே பேசி முடிவு பண்ணிக்குங்க," என்று சொல்லிவிட்டு டிரைவர் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து வெச்சா என்ன?" என்றாள் மர்ரேயின் மனைவி பெவர்லி.

"நான் வெக்கணும்னுகூட இல்ல," என்றார் எல்வுட். "எங்க தாத்தா பேரச் சொல்லி அவர் பக்கத்துல நின்னாப் போதும்."

"புளுகுறவங்க பக்கத்துல நான் நிக்க மாட்டேன்," என்றார் மர்ரே. பெவர்லி ஜன்னல் வழியாக மாடுகளைப் பார்க்க ஆரம்பித்தாள்.

பாஸ்சன்டேல் கல்லறைத் தோட்டத்தில் இறங்கியபோது தூறிக்கொண்டிருந்தது. மர்ரேயின் கையில் தாத்தா கல்லறையின் வரிசை எண் இருந்தது. எந்த ஓரத்திலிருந்து எண்ணுவது என்றுதான் தெரியவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை போய்விட்டுத் திரும்பினார்.

"சுவத்துலேர்ந்து மூணாவது வரிசை. கடைசிக்கு முந்தினது," என்றார் எல்வுட். அவர் இன்னும் வாசற்படியைத் தாண்டவில்லை.

கல் அங்கேதான் இருந்தது. மேப்பிள் இலை, பெயர், தேதி. மர்ரே குனிந்து பெயரை விரலால் தடவினார். பிறகு, பள்ளிக்கூடமே பார்த்து நடுங்கிய அந்த மனிதர் தேம்பித் தேம்பி அழுதார். பார்க்கவே பாவமாக இருந்தது.

எழுந்தபோது எல்லோரும் சுற்றி நிற்பதைக் கண்டார். அழுததை மறைக்க அவருக்கு உடனே ஒரு கோபம் தேவைப்பட்டது. கைக்கெட்டும் தூரத்தில் எல்வுட் இருந்தார்.

"இது இங்க இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தாத்தா ஒரு சின்ன நோட்டுல எழுதி வெச்சிருந்தார்."

"போதும் எல்வுட். நேத்து பட்டாளத்துப் பதிவையெல்லாம் போன்ல தேடிப் பாத்துட்டேன். எங்க தாத்தாவோட இந்த மேட்டுல ஏறினவங்கள்ல பிரைஸ்னு ஒருத்தர்கூட இல்ல."

"இருக்க மாட்டார். சண்டை ஓய்ஞ்ச பிறகுதான் வருவார்."

"இப்பவாவது உண்மை வந்துதே," என்று மர்ரே கூட்டத்தைப் பார்த்தார். "கேட்டுக்குங்க. மத்தவன் சாகுற வரைக்கும் எங்கயோ பதுங்கி இருந்துட்டு, அப்புறமா வருவாராம். அவர் பேரச் சொல்லி வளையம் வேற வெக்கணுமாம்."

"மர்ரே," என்று பெவர்லி கையைப் பிடித்தாள். அவர் உதறிவிட்டார்.

"எங்க தாத்தா இந்தச் சேத்துல உயிர விட்டார். உங்க தாத்தா இங்க வந்து என்னத்தக் கிழிச்சார்?"

எல்வுட் தொப்பியைக் கழற்றினார்.

"உங்க தாத்தாவப் புதைச்சார்."