எட்டு சனிக்கிழமை, மீன் பூஜ்யம்

"வாய்யா கேப்டன்! இன்னைக்கு மீன் உன்னைப் பிடிச்சுதா, நீ மீனைப் பிடிச்சியா?"

படகுத்துறைச் சரிவில் நின்ற மெர்வ் கேட்டதும், கூட இருந்த நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தொப்பலாக நனைந்து, கயாக் என்ற துடுப்புப் படகை இழுத்துக்கொண்டு கரையேறிய டெஸ்மண்ட் தொப்பியைப் பிழிந்தார். முழங்கால் ஆழத் தண்ணீரில் படகைக் கவிழ்த்த மனிதரால் வேறென்ன செய்ய முடியும்?

ஆஸ்திரேலியக் கடலோர ஊரான நரூமாவில் அவரைத் தெரியாதவர் கிடையாது. நகராட்சியில் சாலைப் பள்ளங்களைப் பற்றிக் கோப்பு எழுதியே முப்பத்தெட்டு வருடம் ஓட்டியவர். ஓய்வு பெற இன்னும் ஐந்தே வாரம். அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று யாரோ கேட்டுத் தொலைக்க, கயாக்கில் போய் மீன் பிடிப்பேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டார். அதற்கென்று தனிச் சட்டை, தனித் தொப்பி, தனிக் கண்ணாடி எல்லாம் வாங்கியாயிற்று. மீன்களுக்குத்தான் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

"சிரிங்க, சிரிங்க. ஒரே ஒரு ஃபிளாட்ஹெட் மீன். அதை உங்க கண்ணு முன்னாடி தூக்கிக் காட்டிட்டு, அன்னைக்கே இந்தப் படகை வித்துடறேன்."

"நீ செய்வே. கிதார்ல ஒரு பாட்டு வாசிக்க வந்ததும் அதை வித்த ஆளாச்சே!" என்றார் மெர்வ்.

டெஸ்மண்டுக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. வீம்புக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, ஒரு துண்டு கேக்கை மெர்விடம் நீட்டினார். "இந்தா, தின்னு. இந்த ஊர்ல என்னைக் கேலி பண்ணாத ஒரே ஜீவன் செஞ்சது. ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்காக விடியக்காலம் எழுந்து செய்யறா என் வீட்டுக்காரி ரெய்லீன்."

மெர்வ் ஒரு கடி கடித்தார். அடுத்த நொடி தூவென்று துப்பினார்.

"என்னய்யா போட்டிருக்கு இதுல?"

"வாழைப்பழம்."

நாலு பேரும் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

"படகுல வாழைப்பழமா? அடப்பாவி! அது ஏறின படகுல மீன் மாட்டாதுன்னு இந்தக் கரையோரத்துல பால்குடிப் பிள்ளைக்கும் தெரியுமே! எட்டு வாரமாவா?"

"எனக்கு யாரும் சொல்லலையே..."

"உன் பொண்டாட்டிக்குமா தெரியாது? அவ அப்பன் ஈடன் துறைமுகத்துல நாப்பது வருஷம் மீன்பிடிப் படகு ஓட்டின ஆளு. அவர் படகுல வாழைப்பழ வாசனை சோப்பைக்கூட ஏத்த விடமாட்டாரு." மெர்வ் குரலைத் தாழ்த்தினார். "அவ தெரிஞ்சேதான் செய்யறா டெஸ். வெறுத்துப்போய் நீயே இதை விட்டுடணும்னு பாக்கறா."

டெஸ்மண்ட் வீட்டுக்குக் காரை ஓட்டிய வேகத்தில், அவர் கோப்பில் ஏற்றிய பள்ளங்கள் அத்தனையும் அவரைத் தூக்கித் தூக்கிப் போட்டன. ஊர் சிரித்தது கூட வலிக்கவில்லை. இவள் செய்ததுதான் நெஞ்சைக் குடைந்தது.

ரெய்லீன் சமையலறையில் ரேடியோவோடு சேர்ந்து பாடிக்கொண்டே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவ்வளவு ஆத்திரத்திலும் உள்ளே வந்த டெஸ்மண்ட், முதலில் ரேடியோவை அணைத்தார். பிறகு அலமாரியில் இருந்த கோப்பைகளின் காதுகளை எல்லாம் ஒரே பக்கமாகத் திருப்பி வைத்தார். வெங்காயத்தை எட்டிப் பார்த்து, "இவ்வளவு பெரிசாவா நறுக்குவாங்க?" என்றார். அப்புறம்தான் வந்த விஷயம் ஞாபகம் வந்தது.

"கேக்குல வாழைப்பழம் போட்டா மீன் மாட்டாதுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

மறுப்பாள், மழுப்புவாள் என்று எதிர்பார்த்திருந்தவர் சாப்பாட்டு டப்பாவை மேஜைமேல் டொக்கென்று வைத்தார்.

"நான் போறது பிடிக்கலேன்னா வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே ரெய்லீன்! ஊரே என்னைப் பாத்துச் சிரிக்குது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே நிறுத்தியிருப்பேனே!"

ரெய்லீன் பதறிப்போய்க் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஐயய்யோ, நிறுத்தறதா? ஒரு மீன் மாட்டிட்டா படகை வித்துட்டு, அப்புறம் நாள் பூரா நீ வீட்டுலயேதானே உக்காந்திருப்பே!"