இடக்கை முடிச்சு

கணவர் இறந்த மூன்று வருடத்தில் அவள் தோட்டத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இருந்தவரை அவளுடைய நல்ல புடவைகளைக் கிழித்துச் செடிகளைக் கட்டிவந்த மனுஷன். கேட்டால், "கட்டி வச்சாத்தான் நிக்கும்" என்பார். இப்போது வீட்டை விற்றுவிட்டு மகளிடம் போகப்போகிறாள். வாங்க வருகிறவர்கள் பார்ப்பார்களே என்றுதான், வசந்தம் பிறந்ததும் களை வெட்ட ஆள் வைத்தாள்.

மதியத்துக்குள் தோட்டக்காரர் பாதி வெட்டிவிட்டார். புதருக்குள் ஒரு ரோஜாச் செடி நிமிர்ந்து நின்றது. அதைக் குச்சியோடு சேர்த்து நீலத் துணியால் கட்டியிருந்தது.

"அக்கா, இது யாரு கட்டினது? இடக்கை முடிச்சா இருக்கே."

"அவருக்கு இடக்கைதான். பழசா இருக்கும்."

"புதுத் துணி, அக்கா. சாயமே போகல."

அவள் உள்ளே போய்ப் பீரோவின் பூட்டைத் திறந்தாள். பயணத்துக்கென்று போன வாரம் வாங்கிய நீலப் புடவை மடிப்புக் கலையாமல் இருந்தது. விரித்தாள். ஓரத்தில் நீளமாக இரண்டு பட்டை கிழிபட்டிருந்தது.

"செத்தும் என் புதுப் புடவைதான் கிடைச்சுதா" என்றாள்.

வெளியிலிருந்து தோட்டக்காரர் கூப்பிட்டார். "அக்கா, இங்க இன்னொரு குச்சி நட்டிருக்கு. கட்டுறதுக்குத் துணியும் தொங்குது. செடியத்தான் காணோம்."

போய்ப் பார்த்தாள். குச்சி சரியாக அவள் உயரம் இருந்தது.