இன்னொரு கண்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. வரப்போகிற காலத்துக் கதை ஒன்று சொல்கிறேன்.

மதுரையில் எம்.டெக் படிக்கும் பூங்கோதை, யாரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய லினக்ஸ் மென்பொருள் மீது பைத்தியம். அப்பாவின் செயற்கை இடது காலில்கூடக் கம்பெனி மென்பொருளை அழித்துவிட்டு லினக்ஸை ஏற்றியவள். அவள் எழுதிய நிரலில் ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். ஒருவர் எழுதும் திருத்தத்தை இன்னொருவர் பார்த்து ஒப்பினால்தான் கால்கள் ஏற்கும். ஒப்பியதும் எல்லாக் கால்களுக்கும் போய்விடும்.

அக்கா கல்யாணத்தன்று, வாசலில் வேன் காத்திருக்க, அப்பாவின் முட்டி மடங்க மறுத்தது.

"முகூர்த்தம் போகுதுடி! உன் லினக்ஸக் குப்பையில போடு!" என்று அம்மா கத்தினாள்.

பூங்கோதை திருத்தம் எழுதிவிட்டாள். ஒப்ப வேண்டியவன், வலது கால் செயற்கையான யாழ்ப்பாணத்து யோகேஸ்வரன்; அவனிடமிருந்து பதிலே இல்லை. அப்பாவிடம் திரும்பினாள்.

"அப்பா, உங்க பேர்ல நானே ஒப்புதல் கொடுத்துடவா?"

"எனக்கு என்னடி தெரியும் அதுல? பாக்காமலே பாத்தேன்னு சொல்றதா? டேய் மாப்பிள்ளைகளா, நாலு பேரு வந்து என்னைத் தூக்குங்கடா!" என்று வேனருகே நின்ற இளைஞர்களைக் கூப்பிட்டார் அப்பா.

"நல்ல நாள்ல நாலு பேரா?" என்று அம்மா பதறினாள்.

"அப்ப அஞ்சாவதா நீயும் பிடி!"

வேன் பாதி வழி போனபோது பதில் வந்தது: "அக்கா, அனுப்பிப் போடாதேங்கோ! என்ர வலது காலைக் கழட்டி வைச்சு, அதில சோதனைக்கு ஏத்திப் பாத்தனான். முட்டி பின்பக்கமா மடங்குது. அனுப்பியிருந்தா வலது கால்காரர் எல்லாரும் விழுந்திருப்பினம்."

பூங்கோதை அப்பாவின் தோளில் முகம் புதைத்து அழுதாள்.

உங்கள் வீட்டு அவசரங்களிலும் நிதானமாய்ப் பார்க்க இன்னொரு கண் இருக்கட்டும். எல்லோரும் நலமாய் நடமாடுங்கள், கண்ணுகளா.