ஒன்பது பர்சென்ட்

“பேரு கன்னியம்மா. வூடு பீர்க்கன்கரணை ஏரியாண்ட. கொயந்த பால் குடிக்க மாட்டேங்குது, அயுதுகினே கீது.”

போனில் ஒரு பெண் குரல். குரோம்பேட்டையில் தாய்ப்பால் ஆலோசனைக்கென்று ஒரு ஹெல்ப்லைன் நடத்துகிறோம். அதில் நான் நான்கு மாதக் கற்றுக்குட்டி. கல்யாணமே ஆகாதவள் பிள்ளை பெற்றவர்களுக்குப் பாடம் நடத்துகிறாளே என்று என் அம்மாவே சிரிப்பாள்.

“பொறந்து எத்தனை நாள்மா?”

“அஞ்சு நாளு. பொறந்த வெயிட்ல ஒம்போது பர்சென்ட் கொறஞ்சிகீது.”

பிடித்துவிட்டேன்! பிள்ளை பெற்றவள் யாராக இருந்தாலும் கிராம் கணக்கில்தான் அழுவாள். பர்சென்ட் போட்டு அழுகிறவர் உலகத்தில் ஒருவர்தான், எங்கள் ஹெட் மிருதுளா மேடம்.

குரலையும் பேரையும் மாற்றிக்கொண்டு, புதுத் தாய் போல எங்களுக்கே போன் போட்டுச் சோதிப்பது மேடத்தின் வழக்கம். இரண்டு தடவை நான் ஃபெயில். போன மாதம் தன் வீட்டு விசேஷத்தில் எங்களுக்கு ஐந்து வகைச் சாதம் போட்டபோதுகூட, “சத்யா, உனக்கு வாய் இருக்கற அளவுக்குக் காது இல்ல” என்று சொல்லிவிட்டுத்தான் லீவில் போனார். லீவிலும் ஆளை விடமாட்டார் போலிருக்கிறது.

இந்தத் தடவை சென்டம் வாங்காமல் விடுவதில்லை என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“முதல் பாயின்ட், குழந்தையை வெறும் உடம்பா உங்க நெஞ்சு மேல போட்டுக்குங்க.”

“போட்டுப் பாத்துட்டேன். வாய வச்ச ஒடனே தூங்கிடுது.”

“ரெண்டாவது பாயின்ட், கையால பாலைப் பிழிஞ்சு பாலாடையில ஊட்டுங்க. மூணாவது, இன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டிடுங்க.”

“மாமியார் பவுடர் டப்பாவோட நிக்கறாங்க. எனக்கு ஒண்ணுமே புரியல. ரொம்ப பயமா இருக்கு…”

குரல் உடைந்தது. பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது. அடேங்கப்பா, குழந்தை அழுவதைக்கூடப் பதிவு பண்ணி வைத்திருக்கிறாரே! அழுகிற அவசரத்தில் மெட்ராஸ் பாஷையைத்தான் கோட்டை விட்டுவிட்டார். மற்றபடி நடிப்புக்கு மனசுக்குள் கைதட்டினேன்.

“தைரியமா இருங்கம்மா. நீங்க நல்ல அம்மா.”

இது பயிற்சிப் புத்தகத்தில் பதினேழாம் பக்கம். மறக்காமல் சொன்னதற்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்தப் பக்கம் விசும்பல் அதிகமானது. இது கொஞ்சம் ஓவர்தான் என்று எனக்கே பட்டது.

“போதும் மேடம், கண்டுபிடிச்சுட்டேன்!” என்றேன் இளித்துக்கொண்டே. “சொல்லுங்க, எத்தனை மார்க்?”

மேடம் சொந்தக் குரலில் பேசினார்.

“அழுவறது என் பொண்ணு, சத்யா. டாக்டர் சொன்ன தேதிக்கு மூணு வாரம் முன்னாடியே பொறந்துட்டா. ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்துட்டு, எனக்கே பால் குடுக்க வரலைன்னு யார்கிட்ட சொல்வேன்? கொஞ்சம் வீட்டுக்கு வர்றியா?”