ஓரத்துக் கொடிக்கயிறு

பண்டாரவளைத் தேநீர்க் கடையில் ஞாயிற்று மாலை வெயில் மேசைமேல் சாய்ந்திருக்கிறது. படம் எடுக்கும் பைத்தியம் பிடித்த மூவர் ஒரு மடிக்கணினியைச் சுற்றிக் குனிந்திருக்கிறார்கள். ஒருவர் படம் காட்டினால் மற்றவர்கள் குறை சொல்லியே ஆகவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். இன்று புடைவைக் கடை ரிஸ்மியின் முறை. மீரியபெத்தைத் தோட்டத்தில், மண்சரிவுக்கு முந்திய வருடம் எடுத்த படம். மலையிலிருந்து பனிமூட்டம் பாலாய் வழிகிறது. “மலை அருமைங்க. ஓரத்துல அந்த லயத்து வீட்டு வரிசையும் கொடிக்கயிறும்தான் உறுத்துது, வெட்டிருங்க,” என்கிறார் அஜந்தன். ரிஸ்மி படத்தின் ஓரத்தை உள்ளே இழுக்கிறார். கொடியில் காயும் ஊதாச் சேலை பாதி மறைகிறது. மூன்றாமவள் யோகேஸ்வரியின் தேநீரில் பாலாடை படிகிறது. கொடியில் காய்வது அவள் அம்மாவின் சேலை. அதன் ஈர முந்தானைக்குள் புகுந்து புகுந்துதான் அவள் பள்ளிக்கூடம் ஓடுவாள், “அழுக்காக்காதடி!” என்று உள்ளேயிருந்து குரல் வரும். மலை இறங்கி வந்த அன்று லயத்தோடு வீட்டுப் படங்களும் மண்ணுக்குள் போய்விட்டன. இன்னும் கொஞ்சம் இழுத்தால் வாசலும் போய்விடும். அவள் சட்டென்று ரிஸ்மியின் கையைப் பிடிக்கிறாள்.

“லயம் இருக்கட்டும் நானா. வெட்டித்தான் ஆகணும்னா, மலைய வெட்டுங்க.”