காப்பாற்றப்பட்ட விரால்

வற்றிய ஏரியின் சேற்றில் துடித்துக்கொண்டிருந்த விரால் ஒன்றைத் தண்டபாணி வாளியில் தூக்கிவந்து தன் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் விட்டார். வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னார். சொல்லச் சொல்லச் சேறு ஆழமாகிக்கொண்டே போனது.

ஐப்பசியில் மழை கொட்டியது. "ஏரி ரொம்பிடுச்சாம். இதைக் கொண்டுபோய் விட்டுடுங்களேன்," என்றாள் அவர் மனைவி. விராலுக்கு வாலெல்லாம் சிலிர்த்தது.

"அங்க விட்டா எவனாவது பிடிச்சுத் தின்னுடுவான். எனக்கு மனசு வராது," என்றார் தண்டபாணி.

தொட்டியிலிருந்த தங்கமீன் உருகிப்போனது. "எப்பேர்ப்பட்ட இரக்கம் பாத்தியா?"

மறுநாள் மதியம் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்து தண்டபாணி விரால் குழம்பு சாப்பிட்டார். தலைத் துண்டைக் கேட்டு வாங்கி, உறிஞ்சித் தின்றார்.

"அது எங்க ஏரி விரால்," என்றது விரால்.

"இருக்கட்டுமே. அதை அவர் காப்பாத்தலையே," என்றது தங்கமீன். சொல்லிவிட்டு, மிதந்த தீனியைப் பொறுக்கப் போய்விட்டது.

அதற்கப்புறம் விரால் அதனோடு பேசவில்லை. விருந்தாளிகள் வந்தால் மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டது.

"ரொம்பக் கூச்ச சுபாவம்," என்று தண்டபாணி அவர்களிடம் பெருமையாகச் சொன்னார்.