அகத்திக்கீரைப் புண்ணியம்

"என்னடி அக்கிரமம் இது! அமாவாசையும் அதுவுமா, பசுவோட வாயைக் கட்டி வச்சிருக்கையே!"

தைலம் மாமியின் குரல் கரமனை அக்ரஹாரத்தின் இரண்டு முனைக்கும் கேட்டது. மாமி கையில் ஒரு மஞ்சள் பை நிறைய அகத்திக்கீரை. எதிரே தெருக்கோடித் தொழுவத்தில் செவலைப் பசு, வாயில் கயிற்றுக் கூடையோடு நின்றது.

பசுவின் சொந்தக்காரி இசக்கிசெல்வி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். செவலை கறந்தால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும்.

"செவலைக்கு வயிறு சரியில்ல மாமி. இன்னைக்கு ஒண்ணும் போடாதீங்க."

"அதுக்குப் பட்டினி போட்டுக் கொல்லுவியோ? நான் இந்தத் தெரு கோசேவை குரூப்புக்கு அட்மின் ஆக்கும், கேட்டியா!"

அட்மின் என்றால் சும்மாவா? 'வாயில்லா ஜீவனுக்கு வாய்ப்பூட்டு' என்று தலைப்பு வைத்து வீடியோ உடனே குரூப்பில் ஏறியது. பெங்களூரில் புதுக் குடித்தனம் நடத்தும் மாமியின் மகள் ஆதிராதான் முதலில் அழுகிற பொம்மை போட்டாள். தெருவில் நாலைந்து வீடுகள் இசக்கியிடம் இனிப் பால் வேண்டாம் என்றன. மாமி கையோடு மிருகாஸ்பத்திரிக்கும் போன் போட்டாள்.

மாமியின் பக்தியைக் குறை சொல்லவே முடியாது. அமாவாசை தவறாமல் குளித்து, மடியாக வந்துதான் பசுவுக்குக் கீரை போடுவாள். என்ன, மாட்டின் எச்சில் கையில் பட்டால் மடி போய்விடும், திரும்பக் குளிக்க வேண்டும். அதனால் நாலடி தள்ளி நின்றே புண்ணியம் சேர்ப்பாள்.

மலையாளத்து டாக்டர் பிந்து வந்தார். செவலையின் வயிற்றை அழுத்திப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"கூடை கட்டினது ஆரு?"

"நான்தான் டாக்டர்." இசக்கி முன்னால் வந்தாள்.

"நல்ல காரியம் பண்ணினீங்க, கேட்டோ. வயிறு முழுக்க என்னமோ அடைச்சிருக்கு. இன்னும் கொஞ்சம் உள்ள போயிருந்தா மாடு போயிருக்கும். இன்னைக்கே ஆபரேஷன் வேணும்."

வேறு யாராவது என்றால் கொஞ்சமாவது கூசியிருப்பார்கள். மாமிக்குத் திட்ட வேறு ஆள் கிடைத்துவிட்டது.

"தெருவுல பிளாஸ்டிக் போடறவாளைப் பிடிச்சு ஜெயில்ல போடணும்! நான் விட மாட்டேன்!"

மத்தியானம் மிருகாஸ்பத்திரி ஷெட்டில் ஆபரேஷன். வாசலில் நின்று மாமி குரூப்புக்கு லைவ் காட்டினாள்.

"பாருங்கோ, எத்தனை கவர்! எந்தப் பாவி போட்டதோ! டாக்டர், எதிலயாவது பேர் இருந்தா கேமராவுக்கு நேரே காட்டுங்கோ. நாலு பேருக்குத் தெரியட்டும்!"

"மாடு பிழைச்சிடும். கொஞ்சம் மிண்டாம, சத்தம் போடாம நில்லுங்க," என்றார் டாக்டர்.

செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்ற இசக்கி அப்போதுதான் மூச்சு விட்டாள். டாக்டர் அடுத்து உருவி எடுத்ததை அவள்தான் முதலில் பார்த்தாள். சட்டென்று மாமி பக்கம் திரும்பினாள்.

"மாமி, போதும். போனை அணைச்சிருங்க."

"ஏண்டி? ஒன் வண்டவாளம் வெளியில வந்துடும்னு பயமோ?"

"உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன் மாமி."

மாமி கேட்பாளா? போனை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். டாக்டர் உருவிய அந்தப் பையை வாளித் தண்ணீரில் அலசி விரித்துக் காட்டினார். மாமியின் கண் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதிலேயே இருந்தது.

திரையில் ஆதிராவின் கமென்ட் வந்து விழுந்தது.

"அம்மா, அது என் கல்யாணத் தாம்பூலப் பையாச்சே! கீரையைப் பையோடயா போட்டே?"